டப்பாவைக் கழட்டாதீங்க, முதல்ல ஒயரைப் பாருங்க: வீட்டில் செய்த எலக்ட்ரானிக் இக்னிஷன் பாதி வழியில் கைவிடுவது ஏன்?

சித்திரை வெயில், மதியம் ஒரு மணி. திருமங்கலத்திலிருந்து மதுரை நோக்கி நான்குவழிச் சாலையில் சித்தப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசடர் வந்துகொண்டிருக்கிறது. முன்னால் போகும் லாரியை முந்தலாம் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். இன்ஜின் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. வண்டி உலுக்குகிறது. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடிக்கிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே உலுக்கல். கப்பலூர் தாண்டுவதற்குள் மூன்று தடவை. பின் சீட்டில் சித்தியும் பேத்தியும்.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "டிரான்சிஸ்டர் போயிருச்சுடா. டப்பாவைக் கழட்டிர வேண்டியதுதான்."

டப்பா என்பது கையகல அலுமினியப் பெட்டி. ரிட்டயர் ஆன பிறகு அவரே சால்டரிங் அயர்ன் பிடித்துச் செய்த எலக்ட்ரானிக் இக்னிஷன். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகுதான் இந்தத் தகராறு. இரண்டு தடவை டிரான்சிஸ்டரை மாற்றியும் பார்த்துவிட்டார். கடைசியில் தெரிந்தது, டப்பாவுக்குள் ஒரு பழுதும் இல்லை என்பது. கோளாறு இரண்டு இடங்களில் இருந்தது; இரண்டுமே டப்பாவுக்கு வெளியே, ஒயரில்.

யூடியூப் பார்த்து அப்பாவின் பழைய காருக்கு இப்படி ஒரு சர்க்யூட் செய்து மாட்டியவர்கள், மாட்டலாமா என்று யோசிப்பவர்கள் இப்போது நிறையப் பேர். பழைய மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசடர் என்று கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் வீடுகளில் பாயிண்டும் கண்டன்சரும் தீராத தலைவலி. சர்க்யூட் வரைபடம் எங்கும் கிடைக்கிறது. மாட்டிய பிறகு வண்டி நின்றால் எங்கே கை வைப்பது என்பதைத்தான் அந்த வரைபடம் சொல்வதில்லை.

டப்பா செய்யும் வேலை

பிளக்கில் பொறி விழ 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பேட்டரி தருவதோ 12. நடுவில் நிற்பது இக்னிஷன் காயில். அதன் பிரைமரி சுற்று வழியாகச் சுமார் 4 ஆம்பியர் ஓடவிட்டு, சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தும் அந்த நொடியில் காந்தப்புலம் சரிந்து, செகண்டரி சுற்றில் உயர் மின்னழுத்தம் எகிறும். அதுதான் பொறி.

இந்த ஓடவிட்டு நிறுத்தும் வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் எனும் சின்ன சுவிட்ச் செய்துவந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் இந்த பேட்டரி இக்னிஷனை 1910-ஐ ஒட்டி காடிலாக் காரில் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான், 1911-ல், மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தன் தொழிலைத் தொடங்கினார். அந்தக் குழுமத்தின் லூகாஸ்-டி.வி.எஸ். 1961-ல் சென்னை பாடியில் ஆரம்பிக்கப்பட்டு, டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று இந்தியக் கார்களுக்குச் செய்துகொடுத்தது. அறுபது வருஷத்துக்கும் மேலாக அடிப்படை மாறவில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் 4 ஆம்பியரை வெட்டும். வெட்டும்போது தீப்பொறி தட்டி, பாயிண்டின் முகம் குழி விழும். அதனால்தான் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை எமரி தாள் போட்டுத் தேய்க்கும் சடங்கு.

சித்தப்பா செய்தது மிக எளிமையான வகை. பாயிண்டைக் கழற்றவில்லை. அதன் வழியாகக் கால் ஆம்பியர் மட்டும் ஓடும்; அந்தச் சைகையைப் பார்த்து ஒரு பவர் டிரான்சிஸ்டர் காயிலின் 4 ஆம்பியரை வெட்டும். பாயிண்ட் கருகாது, கண்டன்சரும் வேண்டாம். இன்னொரு வகையில் பாயிண்டையே எடுத்துவிட்டு ஹால் சென்சரும் காந்தமும் வைப்பார்கள். மூன்றாவது வகை சி.டி.ஐ. அதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் ஓட்டும் பைக்கிலும் இந்தக் குடும்பத்து டப்பா ஒன்று இருக்கும். ஓசூரில் இந்தியா நிப்பான் எலக்ட்ரிகல்ஸ் போன்ற தொழிற்சாலைகளில் செய்வது. பைக்கில் அது ஏன் அவ்வளவு லேசில் கெடுவதில்லை? ஒயரிங்கும் கனெக்டரும் அதற்கென்றே கம்பெனியில் செய்து வருகின்றன. நாம் 40 வருஷப் பழைய ஒயரிங்கில் புது டப்பாவைச் செருகுகிறோம்.

மீட்டர் 12 காட்டுது, அப்புறம் என்ன?

"கரண்ட் வருதே சார், 12 வோல்ட் காட்டுதே" என்பது எல்லா ஆட்டோ எலக்ட்ரிக் கடையிலும் கேட்கும் வசனம். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் கிட்டத்தட்ட பூஜ்யம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழை தொங்கினாலும் அது 12 என்றுதான் காட்டும். காயில் 4 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியும்.

அதனால் சோதனையைத் திருப்பிப் போட வேண்டும். எவ்வளவு வருகிறது என்று பார்க்காமல் எவ்வளவு வழியில் தொலைகிறது என்று பாருங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலேயே வையுங்கள். கறுப்பு முனையைக் காயிலின் பாசிட்டிவ் திருகில் வையுங்கள். சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில், அதாவது காயிலில் மின்னோட்டம் ஓடும்போது, மீட்டர் காட்டுவது முழுக்க ஒயரிங் விழுங்கும் வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. சித்தப்பா வண்டியில் 2.1 காட்டியது.

2.1 என்ன பெரிசா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். பேட்டரி 12.4 வோல்ட், டார்லிங்டன் வகை டிரான்சிஸ்டர் 1.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், காயில் பிரைமரி 3 ஓம். ஒயரிங் நன்றாக இருந்தால் 3.7 ஆம்பியர். 2.1 வோல்ட் தொலைந்தால் 3 ஆம்பியர். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 மில்லி ஹென்றி காயில் என்று வைத்தால், 55 மில்லி ஜூல் இருக்க வேண்டிய இடத்தில் 37 தான். மூன்றில் ஒரு பங்கு ஒயரிலேயே போய்விட்டது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினால் இது 18 ஆகிவிடும்.

மதியத்தில் மட்டும் தகராறு ஏன்? செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். வெளியில் 40 டிகிரி வெயில், பானெட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம், காயில் தன் பங்குக்குத் தானும் சூடாகும். காலையில் 3 ஓம் இருந்த காயில் 60 டிகிரி கூடினால் 3.7 ஓம் ஆகிவிடும். காலையில் எப்படியோ சமாளித்த பொறி, மதியம் லோடு ஏறும்போது கையை விரிக்கிறது. "வெயில் ஏறினா வண்டி மக்கர் பண்ணுது" என்று சொல்வதில் இவ்வளவு இயற்பியல் இருக்கிறது.

2.1 வோல்ட் எங்கே போனது என்று தேட, சிவப்பு முனையை அப்படியே வைத்துக்கொண்டு கறுப்பு முனையைப் பேட்டரியிலிருந்து படிப்படியாகக் காயில் வரை நகர்த்தினோம். பேட்டரி லக்கில் 0.2. வழியில் ஒரு திருகு இணைப்பில் 0.3. சாவி சுவிட்ச்சுக்குள் 0.9. மிச்சம் 0.7 வந்தது டேஷ்போர்டுக்கு அடியில், என்றோ ஒரு நாள் கார் ஸ்டீரியோ மாட்டியவர் ஒயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போன இணைப்பில். டேப்பைப் பிரித்தபோது செம்பு பச்சை பூத்திருந்தது. அந்த ஸ்டீரியோ இப்போது வண்டியில் இல்லவே இல்லை.

ஒயரின் தடிமனும் சேர்ந்துகொள்ளும். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 மீட்டர் இழுத்தால் 4 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் போய்விடும். அதே தூரம் 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.14 தான். விலை வித்தியாசம் ஒரு டீ, வடை.

வீட்டில் மல்டிமீட்டர் இல்லையென்றால் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு போதும். சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும், காயில் இழுப்பதைப் போலவே. காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பல்பைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிறகு அதே பல்பை நேராக பேட்டரியில் கொடுங்கள். வெளிச்சத்தில் வித்தியாசம் தெரிந்தால் ஒயரிங்தான் குற்றவாளி.

இதைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. சாவியைப் போட்டு, இன்ஜின் ஓடாமல், பாயிண்ட் மூடிய நிலையில் பத்து நிமிஷம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். காயிலும் டிரான்சிஸ்டரும் அடுப்பில் வைத்த மாதிரி ஆகிவிடும். அளந்தவுடன் சாவியை அணைத்துவிடுங்கள்.

எர்த்: யாரும் பார்க்காத பாதி சர்க்யூட்

பாசிட்டிவ் பக்கம் போகும் மின்சாரம் முழுக்கத் திரும்பி வர வேண்டும். வண்டியில் திரும்பி வரும் வழி பாடியும் இன்ஜினும்தான். டப்பாவை பெயிண்ட் அடித்த தகரத்தின் மேல் திருகினால் எர்த் கிடைத்துவிட்டது என்று நினைப்பது சகஜம். பெயிண்ட் நல்ல இன்சுலேட்டர். பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கினாலும் இரண்டு மழைக்காலத்தில் துரு வந்துவிடும். டப்பாவிலிருந்து தனி எர்த் ஒயர் ஒன்றை நேராக பேட்டரி நெகட்டிவுக்கோ, இன்ஜின் பிளாக்கில் உள்ள நல்ல போல்ட்டுக்கோ இழுத்துவிடுவது மேல். சோதனை அதேதான்: பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் டப்பாவின் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள பின்னல் பட்டையையும் இதே மாதிரி பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் அதன் வழியாகத்தான் போகிறது. அந்தப் பட்டை அறுந்திருந்தால் மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடும். கேபிள் சூடாகிறது என்றால் காரணம் இதுதான்.

இப்போது சித்தப்பா வண்டியின் இரண்டாவது பழுது. காயிலுக்கு வரும் வோல்ட்டைச் சரிசெய்த பிறகு ஸ்டார்ட்டிங் பிரமாதமாகிவிட்டது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது அந்த உலுக்கல் மட்டும் போகவில்லை. வண்டி நின்ற இடத்தில் ஆர்.பி.எம். ஏற்றினால் வராது, ஓடும்போது மட்டும் வரும்.

லோடு மாறும்போது மட்டும் அசையும் பாகம் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு. வேக்கும் அட்வான்ஸ் என்னும் டயாஃப்ரம், கார்புரேட்டர் பக்கமிருந்து வரும் குழாயின் உறிஞ்சலுக்கேற்ப அந்தத் தட்டைச் சில டிகிரி முன்னும் பின்னும் திருப்பும். தட்டு அசைவதால் அதற்கு எர்த் கொடுக்க ஒரு சின்ன, மெல்லிய பின்னல் ஒயரை வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் மடங்கி மடங்கி அது இற்றுப்போகும். துணி உறை இருப்பதால் வெளியே தெரியாது.

பாயிண்டுக்கு எர்த் போனால் டப்பாவுக்குப் பாயிண்ட் திறந்துவிட்டதாகத் தோன்றும். உடனே காயிலை வெட்டும். தப்பான நேரத்தில் ஒரு பொறி, பிறகு பொறியே இல்லை, பிறகு தட்டு திரும்ப வந்ததும் எல்லாம் சரி. இதைக் கண்டுபிடிக்கச் செலவு ஏதுமில்லை. வேக்கும் குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் பாயிண்ட் தட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்து, குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு அசையும். மீட்டர் முள்ளோ எண்ணோ குதித்தால் பின்னல் ஒயர் போச்சு. எங்களுக்கு 0.3 ஓமில் இருந்தது திடீரென்று எல்லையைத் தாண்டி ஓடியது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. மாற்றிப்போட்ட இரண்டு டிரான்சிஸ்டரையும் நினைத்திருப்பார்.

இன்னொன்று. பிரிட்டிஷ் வம்சத்து மிகப் பழைய கார்களில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். பாயிண்டுக்கும் காயிலுக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. டிரான்சிஸ்டருக்கு உண்டு. இன்று கிடைக்கும் சர்க்யூட் வரைபடங்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு வரைந்தவை. மாட்டுவதற்கு முன் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டப்பாவே கெட்டிருந்தால்

ஒயரிங்கை முழுக்கப் பார்த்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். முதலில் உள்ளே என்ன டிரான்சிஸ்டர் என்று பாருங்கள். கையில் கிடைத்தது என்று 2 என் 3055-ஐப் போட்டிருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம். ஆம்பிளிஃபயருக்கு அருமையான டிரான்சிஸ்டர். ஆனால் தாங்குவது 60 வோல்ட். காயிலை வெட்டும் நொடியில் பிரைமரி பக்கமே 300 முதல் 400 வோல்ட் எகிறும். சில பொறிகளிலேயே அது ஷார்ட் ஆகிவிடும். பி.யு. 931 போன்ற, இக்னிஷன் காயிலுக்கென்றே செய்த டார்லிங்டனோ, உள்ளேயே 400 வோல்ட் காப்பு வைத்த இக்னிஷன் ஐ.ஜி.பி.டி.யோதான் இங்கே சரிப்படும். ஐ.ஆர்.எஃப். 740 மாஸ்ஃபெட்டையும் சிலர் போடுகிறார்கள். அதன் மின்தடை அரை ஓமுக்கு மேல். 4 ஆம்பியரில் 2 வோல்ட்டுக்கு மேல் விழுங்கி, தோசைக்கல்லாகச் சூடாகும். என் கருத்தில் அது கைக்கு உதவாத சிக்கனம்.

இரண்டாவது, மைக்கா தகடு. பவர் டிரான்சிஸ்டரின் உலோக முதுகு பெரும்பாலும் கலெக்டர். அதை இன்சுலேட் செய்யாமல் அலுமினியப் பெட்டியில் திருகினால் கலெக்டர் பாடியோடு ஒட்டிவிடும். அப்போது காயிலில் மின்னோட்டம் நிற்கவே நிற்காது. பொறியே இல்லை, ஆனால் காயில் கைவைக்க முடியாமல் சுடுகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் இதே அறிகுறிதான். பொறியும் இல்லை, காயிலும் குளிர்ந்தே இருக்கிறது என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் சைகை டப்பாவை எட்டவில்லை. காயிலைத் தொட்டுப் பார்ப்பதே பாதி நோயறிதல். சாவியை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

ஆர்டுயினோவோ வேறு மைக்ரோகன்ட்ரோலரோ வைத்துச் செய்தவர்களுக்குத் தனிக் கஷ்டம், 5 வோல்ட் சப்ளை. எல்லோரும் போடுவது 7805. அதற்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் போனால்தான் வெளியே ஒழுங்காக 5 வரும். பேட்டரி பழசாகி, செல்ஃப் அடிக்கும்போது 7-க்கு இறங்கினால், வழியில் உள்ள பாதுகாப்பு டையோடு 0.7 எடுத்தது போக 6.3 தான் மிச்சம். கன்ட்ரோலர் ரீசெட் ஆகும், பொறி வராது. சாவியை விட்டதும் வோல்ட் ஏறும், கன்ட்ரோலர் விழிக்கும், இன்ஜின் ஓடுகிற ஓட்டத்தில் பற்றிக்கொள்ளும். "செல்ஃப் அடிக்கும்போது பிடிக்காது, சாவியை விடும்போது பிடிக்கும், தள்ளினா உடனே ஸ்டார்ட்" என்று யாராவது சொன்னால் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். செல்ஃப் அடித்துக்கொண்டே காயில் பாசிட்டிவிலும் 5 வோல்ட் முனையிலும் அளந்து பாருங்கள். காயிலுக்கே வோல்ட் வரவில்லை என்றால் சாவி சுவிட்ச். காயிலுக்கு வந்து 5 மட்டும் சரிந்தால் ரெகுலேட்டர். எல்.எம். 2940 போல, வண்டிகளை மனதில் வைத்துச் செய்த குறைந்த இழப்பு ரெகுலேட்டர் போட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

இறக்கத்தைப் போலவே ஏற்றமும் கொல்லும். ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி லக் லூஸாகி ஒரு குலுக்கலில் விட்டுப்போனால், லைனில் 80 முதல் 100 வோல்ட் வரை எகிறி, சில நூறு மில்லிநொடி நிற்கலாம். 7805 தாங்குவது 35. அதைத் தடுக்க ஒரு தொடர் டையோடு, கன்ட்ரோலருக்கு மட்டும் போகும் லைனில் சின்ன ரெசிஸ்டர், கூடவே டி.வி.எஸ். டையோடு. மதுரைக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம், நம்ம ஊர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திடீர் வோல்ட் ஏற்றத்தை அமுக்கும் டையோடுக்கு ஆங்கிலச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. கடையில் கேட்டால் "எந்த மாடல் வண்டிக்கு?" என்று திருப்பிக் கேட்ட அனுபவமும் எனக்கு உண்டு.

பொறியே பகையாகும்போது

குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மிஸ்ஸிங், டிஸ்ப்ளே மாட்டியிருந்தால் அதில் ஆர்.பி.எம். திடீரென்று 9,000 என்று காட்டுவது, கன்ட்ரோலர் தானாக ரீசெட் ஆவது. இவையெல்லாம் சத்தத்தின் வேலை. காதில் விழாத மின் சத்தம். பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு ஹெச்.டி. ஒயரும் பொறி விழும்போது ஒரு குட்டி ரேடியோ நிலையம். பக்கத்திலேயே ஹால் சென்சர் ஒயரைச் சேர்த்து டை போட்டுக் கட்டியிருந்தால் அந்த ஒலிபரப்பு முழுக்க உள்ளே போகும்.

வெறும் செம்புக் கம்பி போட்ட ஹெச்.டி. ஒயர் பழைய வண்டிகளில் சகஜம். அதை மின்தடை உள்ள கார்பன் ஒயராக மாற்றுங்கள், அல்லது ரெசிஸ்டர் பிளக் போடுங்கள். சென்சர் ஒயர்களை முறுக்கி, தனி வழியில் கொண்டுபோங்கள். உறை உள்ள ஒயர் என்றால் உறையை டப்பா பக்கம் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஹால் சென்சர் பெரும்பாலும் தானாக 5 வோல்ட் தராது. சப்ளையிலிருந்து 1 முதல் 4.7 கிலோ ஓம் வரை ஒரு புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். இதை மறந்துவிட்டு சென்சர் கெட்டது என்று மூன்று சென்சர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

பொறி வருகிறதா என்று பார்க்க பிளக் ஒயரைக் கழற்றி அந்தரத்தில் விடும் பழக்கம் பாயிண்ட் காலத்தோடு போகட்டும். பொறி போக வழியில்லையென்றால் அந்த ஆற்றல் முழுக்கக் காயிலின் இன்சுலேஷனையும் டிரான்சிஸ்டரையும் தாக்கும். ஒரு பிளக்கைச் செருகி, அதன் உடலை இன்ஜினோடு நன்றாக எர்த் செய்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் அதையும் செய்யக் கூடாது. வெளியே பொறி வருவதால் உள்ளேயும் வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும்.

சி.டி.ஐ. செய்தவர்களுக்கு

இதில் 12 வோல்ட்டை ஓர் இன்வர்ட்டர் 350–400 வோல்ட்டாக ஏற்றி, சுமார் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் நிரப்பி, எஸ்.சி.ஆர். வழியாகக் காயிலில் ஒரே மூச்சில் கொட்டும். 400 வோல்ட்டில் அது 80 மில்லி ஜூல். நொடிக்கு 100 பொறி என்றால் 8 வாட். இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர் சுற்றி. அதனால் ஒயர் இழப்பு இதில் அவ்வளவு உறுத்தாது.

நோயறிதல் காதால்தான். சாவி போட்டதும் டப்பாவிலிருந்து மெல்லிய விசில் வர வேண்டும். விசிலே இல்லை என்றால் இன்வர்ட்டருக்கு சப்ளை இல்லை. விசில் வந்து அமுங்கிப் போனால் எஸ்.சி.ஆர். திறந்தபடியே மாட்டிக்கொண்டது, அல்லது கெப்பாசிட்டர் ஷார்ட். அந்தக் கெப்பாசிட்டரைச் சாவி அணைத்த பிறகும் தொடக் கூடாது. 400 வோல்ட் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். குறுக்கே ஒரு ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்க வேண்டும். இருந்தாலும் மீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்த்த பிறகே கை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எந்த வகை இக்னிஷன் பக்கமும் ஓடும் நிலையில் குனிய வேண்டாம்.

சி.டி.ஐ. பொறி உக்கிரமானது, ஆனால் ஆயுள் குறைவு. சாதாரண காயில் பொறி ஒரு மில்லிநொடிக்கு மேல் நிற்கும் இடத்தில் இது அதில் ஒரு சிறு பங்குதான். பழைய கார்புரேட்டர் கலவையைப் பற்றவைக்க நின்று எரியும் பொறிதான் வசதி. அதனால் வீட்டுக் காருக்கு டிரான்சிஸ்டர் வகையே போதும் என்பது என் கட்சி. சி.டி.ஐ. வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடு சண்டையில்லை.

ரிலே போட்டோம், புதுப் பிரச்சினை வந்தது

2.1 வோல்ட் இழப்புக்கு நாங்கள் செய்த வைத்தியம் சுலபமானது. பச்சை பூத்த இணைப்பை வெட்டி, புதிதாகச் சால்டர் செய்து மூடினோம். பிறகு டப்பாவுக்கும் காயிலுக்குமான மின்சாரத்தைச் சாவி சுவிட்ச் வழியாக இழுப்பதையே நிறுத்தினோம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, அதன் பக்கத்திலேயே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் சாதாரண ஹாரன் ரிலேயின் 30-ம் எண் முனைக்கு. 87-லிருந்து காயிலுக்கும் டப்பாவுக்கும். சாவியிலிருந்து வரும் பழைய ஒயர் 85-க்கு, 86 எர்த்துக்கு. சாவி சுவிட்ச் இனி ரிலேயை இழுத்தால் போதும். டப்பாவையும் எக்ஸாஸ்ட் பக்கமிருந்து எடுத்து, ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் காற்றுப் படும் இடத்தில் மாட்டினோம்.

மீட்டரில் இழப்பு 0.2. சித்தப்பா முகத்தில் வெற்றிச் சிரிப்பு. சாவியை அணைத்தார். இன்ஜின் நிற்கவில்லை.

சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கியர் போட்டு கிளட்சை விட்டுத்தான் அணைத்தோம். காரணம், டேஷ்போர்டில் எரியும் சிவப்பு சார்ஜிங் விளக்கு. அந்த விளக்கின் ஒரு முனை சாவி லைனில், மறுமுனை ஆல்டர்நேட்டரில். சாவியை அணைத்த பிறகும் ஓடுகிற ஆல்டர்நேட்டர் விளக்கு வழியாகச் சாவி லைனுக்குப் பின்பக்கமாகக் கொஞ்சம் மின்சாரம் அனுப்பும். முன்பு அந்த லைனில் 4 ஆம்பியர் கேட்கும் காயில் இருந்ததால் விளக்கு வழியாக வரும் துளி எதற்கும் போதவில்லை. இப்போது அங்கே இருப்பது 0.15 ஆம்பியர் கேட்கும் ரிலே மட்டும். அதைப் பிடித்துவைக்க அந்தத் துளியே போதும்.

சார்ஜிங் விளக்கு ஒயரில் ஒரு 1 என் 4007 டையோடு, சாவி லைனிலிருந்து விளக்கு நோக்கி மட்டும் மின்சாரம் போகும்படி. விலை ஓரிரு ரூபாய். இப்போது சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்கிறது. ரிலேயின் காயில் குறுக்கேயும் ஒரு டையோடு போட்டோம். அதன் பட்டை முனை 85 பக்கம்.

பழைய கண்டன்சரும் பாயிண்டும் இப்போதும் சித்தப்பாவின் டிக்கியில், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு துண்டு ஒயர். டப்பா நடுவழியில் உண்மையிலேயே செத்துவிட்டால் பாயிண்ட் ஒயரை நேராகக் காயிலின் நெகட்டிவில் கொடுத்து, கண்டன்சரைத் திருகினால் வண்டி பழையபடி ஓடும். வீட்டு வாசலில் நேரம் வைத்துச் செய்து பார்த்தார், பதினோரு நிமிஷம் ஆனது.